பக்கவாத்தியக்காரங்க

எல்லாருக்கும் வணக்கங்க. பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு கேக்குதா? ஃபேன் சத்தத்துல கேக்கலன்னா கைய தூக்குங்க, நான் கொஞ்சம் கத்தி பேசுறேன்.

போன மாசம் இதே எடத்துல திருக்குறள், அதுக்கு முந்தின மாசம் இயற்கை விவசாயம். இந்த மாசம் பிரிட்டிஷ் டிவி காமெடின்னு நோட்டீஸ்ல பாத்துட்டு ரெண்டு பேர் எனக்கு போன் பண்ணி என்ன சார் வெள்ளக்காரன் பக்கம் சாஞ்சுட்டீங்களான்னு கேட்டாங்க. சாயலங்க. நான் பேங்க்ல 34 வருஷம் இருந்தவன், அதுல முக்கால்வாசி வருஷம் மானேஜர் கேபினுக்கு வெளிய நின்னு "சார் இது சரியா வருமா"ன்னு மெதுவா கேட்ட ஆளு. அப்படிப்பட்ட ஒரு ஆள டிவில பாத்தப்போதான் எனக்கு இந்த பைத்தியமே புடிச்சது. 80கள்ல லண்டன்ல இருந்து மச்சான் லீவுக்கு வரும்போது ஒரு பை நிறைய வீடியோ கேசட் கொண்டாந்தாரு. வீட்ல எல்லாரும் சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் அடிச்சிக்கிட்டு இருந்தாங்க, கேசட் என் பங்குக்கு வந்துச்சு.

இன்னிக்கு நான் பேசப்போறது அந்த சீரியல்கள்ல பக்கத்துல நின்னவங்கள பத்தி மட்டும்தான். கச்சேரில பாட்டு யாருதுன்னு போஸ்டர்ல பெருசா இருக்கும், மிருதங்கம் யாருன்னு பொடி எழுத்துல இருக்கும். ஆனா மிருதங்கம் சொதப்புனா கச்சேரி அவ்வளவுதான? அதே கதைதான் இங்கயும். திட்டுறவன் எவ்வளவு நல்லா திட்டினாலும் வாங்குறவன் மூஞ்சிலதான் சிரிப்பே இருக்கு. கவுண்டமணி செந்தில பாத்து வளந்த நமக்கு இத யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல.

முதல் கேசட் ஃபால்ட்டி டவர்ஸ். மொத்தமே 12 எபிசோடுதாங்க, 1975ல ஆறு, 1979ல ஆறு, அவ்வளவுதான். நம்ம ஊர்ல 12 எபிசோடுல கதாநாயகிக்கு நிச்சயதார்த்தம்கூட முடிஞ்சிருக்காது. டார்க்கிங்கற கடற்கரை ஊர்ல ஒரு ஹோட்டல், அதோட முதலாளி பேசில், வர்ற கஸ்டமர எல்லாம் தொல்லைன்னு நெனைக்கிற மனுஷன். பேசிலா நடிச்ச ஜான் க்ளீஸ் இத கற்பனையா எழுதல, 1970ல மான்டி பைத்தான்ங்கற அவரோட காமெடி கோஷ்டியோட ஷூட்டிங் போனப்போ அதே டார்க்கில ஒரு ஹோட்டல்ல தங்கினாரு, அங்க இருந்த முதலாளி கூட தங்கினவர் ஒருத்தரோட பைய, உள்ள கடிகாரம் டிக் டிக்குனு கேட்டதுனால, குண்டா இருக்குமோன்னு வெளிய காம்பவுண்டு பக்கம் கொண்டுபோய் வச்சுட்டாராம். மத்தவங்க எல்லாம் வேற ஹோட்டலுக்கு ஓடிட்டாங்க, க்ளீஸ் மட்டும் அந்தாள வேடிக்க பாக்குறதுக்காகவே அங்கயே தங்கிட்டாரு.

சரி, க்ளீஸ விடுங்க. அவர்கிட்ட அடி வாங்குற சர்வர் மானுவெல், ஸ்பெயின்ல பார்சிலோனால இருந்து வந்தவன், இங்கிலீஷ் அரைகுறை, எது சொன்னாலும் "கே?"ன்னு கேப்பான். அந்த வேஷம் போட்டவர் ஆண்ட்ரூ சாக்ஸ். அவர் ஸ்பானிஷ்காரரே இல்ல. 1930ல பெர்லின்ல பொறந்தவரு, அப்பா யூதர், 1938ல நாஜிக்களுக்கு பயந்து குடும்பமே இங்கிலாந்துக்கு தப்பி வந்துச்சு. எனக்கு ஸ்பானிஷ் உச்சரிப்பு வருமான்னு தெரியல, ஜெர்மன் சர்வரா நடிக்கட்டுமான்னு க்ளீஸ்கிட்ட கேட்டாராம். நல்லவேள, மாத்தல. இப்போ இத மனசுல வச்சுக்கிட்டு அந்த ஜெர்மன்காரங்க வர்ற எபிசோட பாருங்க, ஹோட்டலுக்கு ஜெர்மன் விருந்தாளிங்க வருவாங்க, போர பத்தி யாரும் பேசக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே பேசில் வாய தொறந்தா போர பத்தி மட்டுமே பேசுவாரு. அந்த செட்டுல ஹிட்லர்கிட்ட இருந்து நெஜமாவே தப்பிச்சு வந்த ஒரே முக்கியமான நடிகர் அந்த சர்வர்தான், அவர் பாட்டுக்கு சர்வர் வேல பாத்துக்கிட்டு இருக்காரு. அதே எபிசோடுல சமையல்கட்டு தீப்பிடிக்கிற சீனுக்கு அவர் கோட்டுல புகை வர்றதுக்காக ஏதோ ரசாயனம் தடவுனதுல தோல்ல தீக்காயமே ஆயிடுச்சு. இன்னொரு எபிசோடுல க்ளீஸ் நிஜ பாத்திரத்தாலயே மண்டைல போட்டுட்டாரு, மனுஷன் கொஞ்ச நேரம் கிறுகிறுத்து போயிட்டாரு. நாம சோபால உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

இதுலயே பேசில் பொண்டாட்டி சிபில், ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ். ஸ்கிரிப்ட படிச்சதும் அந்தம்மா க்ளீஸ்கிட்ட கேட்ட முதல் கேள்வி என்னன்னா, இவங்க ரெண்டு பேரும் எதுக்கு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க? இந்த கேள்விய கேட்டுடுவீங்களோன்னுதான் பயந்தேன்னு க்ளீஸ் தலைல கைய வச்சுட்டாராம். க்ளீஸும் கானி பூத்தும், அதாவது வேலக்காரப் பொண்ணு பாலியா நடிச்சவங்க, ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா சேந்து இத எழுத ஆரம்பிச்சவங்க, ரெண்டாவது ஆறு எபிசோடு டிவில வர்றதுக்குள்ள டைவர்ஸே ஆயிடுச்சு. ஆனாலும் சேந்துதான் எழுதி முடிச்சாங்க. அந்தம்மா அப்புறம் நடிப்பையே விட்டுட்டு மனநல சிகிச்ச கொடுக்கற வேலைக்கு போயிட்டாங்க.

இப்போ நம்ம ஆளுக்கு வர்றேன், பேங்க்காரருக்கு.

டாட்ஸ் ஆர்மி. 1968ல இருந்து 77 வரைக்கும் 80 எபிசோடு. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரன் எப்ப வேணா கடல் தாண்டி வருவான்னு பயம் இருந்தப்போ, பட்டாளத்துக்கு வயசு மீறினவங்க, வயசு பத்தாதவங்க எல்லாம் சேந்து ஊர்க்காவலுக்கு நின்னாங்க, அவங்கள பத்தின கதை. ஊர் பேங்க் மானேஜர் மானரிங்தான் கேப்டன், அவர் பேங்க்ல வேல பாக்குற வில்சன் சார்ஜண்ட். மானரிங் குள்ளம், தொப்பை, பெரிய எடத்து படிப்பு இல்லன்னு மனசுக்குள்ள ஒரு முள்ளு. வில்சன் பெரிய எடத்து புள்ள, அழகு, எதுலயும் அவசரம் கிடையாது. மானரிங் ஒவ்வொரு மடத்தனமான உத்தரவு போடும்போதும் வில்சன் லேசா புருவத்த தூக்கி "அது புத்திசாலித்தனமா இருக்கும்னு நெனைக்கிறீங்களா சார்?"னு கேப்பாரு. ஐயா, அந்த ஒரு வரிய நான் 34 வருஷம் சொல்லியிருக்கேன், எனக்கு யாரும் கைதட்டல!

மானரிங்கா நடிச்சது ஆர்தர் லோ, வில்சனா நடிச்சது ஜான் லெ மெசூரியர். வேடிக்கை என்னன்னா நெஜ போர்ல லெ மெசூரியர்தான் கேப்டன், இந்தியாவுக்கே போஸ்டிங் வந்தவரு. லோ சார்ஜண்ட் மேஜர் வரைக்கும் போனவரு. சீரியல்ல அப்படியே தலைகீழு. சாதாரணமா பாத்தா ஒசரமான அழகன ஆபீசராவும் குள்ளமான ஆள அவருக்கு கீழயும்தான் போடுவாங்க, அத மாத்தி போட்டதுலதான் ஒம்போது வருஷம் ஓடுச்சுன்னு நான் சொல்லுவேன்.

இதுல வர்ற கசாப்புக்கட ஜோன்ஸ் எழுபது வயசு கிழவனா "பதறாதீங்க பதறாதீங்க"ன்னு பதறி ஓடுவாரு. நடிச்ச கிளைவ் டன்னுக்கு அப்போ 48 வயசுதான். கிரீஸ்ல ஜெர்மன்காரன்கிட்ட மாட்டி வருஷக்கணக்கா ஆஸ்திரியால போர்க்கைதியா கெடந்தவரு. சின்னப் பையன் பைக்ங்கற பாத்திரம், சீரியல எழுதினவர்ல ஒருத்தரான ஜிம்மி பெர்ரி தன்னையே வச்சு எழுதினது, அவர் பதின்ம வயசுல இதே ஊர்க்காவல்ல இருந்தாரு.

ஆனா நான் இங்க நின்னு பேசுறதுக்கே காரணம் காட்ஃப்ரி தாங்க. பட்டாளத்துலயே வயசானவரு, ரொம்ப மரியாதையா "ஒரு நிமிஷம் ஒதுங்கிட்டு வரட்டுங்களா"ன்னு பாத்ரூம் போக பர்மிஷன் கேப்பாரு, அதுதான் அவர் ஜோக்கு. 1969ல வந்த ஒரு எபிசோடுல அவர் ராஜினாமா குடுப்பாரு. ஏன்யான்னு கேட்டா, முதல் உலகப் போர்லயே நான் சண்ட போட மாட்டேன்னு சொன்னவன் சார், கொல்றது எனக்கு ஒத்து வராதுன்னு சொல்லுவாரு. அவ்வளவுதான், நேத்து வரைக்கும் கூட டீ குடிச்சவங்க எல்லாம் மொகத்த திருப்பிக்குவாங்க, மானரிங் எல்லாருக்கும் மேல. அப்புறம் பயிற்சில புகை நெறஞ்ச குடிசைக்குள்ள மானரிங் மயங்கி விழுந்தப்போ உள்ள போய் இழுத்துட்டு வர்றது இந்த கிழவர்தான். அவர் படுத்த படுக்கையா இருக்கும்போது எல்லாரும் பாக்க போவாங்க. கட்டிலுக்கு மேல ஒரு போட்டோ, நெஞ்சுல வீரப் பதக்கம். துப்பாக்கி எடுக்க மாட்டேன்னவர் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போயி, பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டைல குண்டுக்கு நடுவுல ஓடி ஆளுங்கள காப்பாத்தியிருக்காருன்னு அவர் அக்கா சொல்லுவாங்க. அவர் அத யார்கிட்டயும் சொன்னதே இல்ல.

இதுவரைக்கும் கதை. இனி சொல்றது நெஜம். காட்ஃப்ரியா நடிச்ச ஆர்னல்ட் ரிட்லி, 1896ல பொறந்தவரு, 1916ல அதே சோம் சண்டைல நெஜமாவே இருந்தாரு. மண்டைல துப்பாக்கிக் கட்டையால அடி, பயோனெட்டுல, அதாவது துப்பாக்கி முனைக் கத்தில குத்துப்பட்டு இடது கை கிட்டத்தட்ட செயலிழந்து போச்சு. பட்டாளத்துல இருந்து அனுப்பிட்டாங்க. சாதா உடுப்புல ஊருக்குள்ள நடந்தப்போ ஒரு பொண்ணு வந்து அவர் கைல வெள்ள இறகு குடுத்துச்சாம், அந்தக் காலத்துல வெள்ள இறகுன்னா நீ கோழைன்னு அர்த்தம். காயம்பட்ட சிப்பாய்க்கு குடுக்கற பேட்ஜ் பாக்கெட்லதான் இருந்துச்சு, எடுத்து காட்டல, பேசாம இறக வாங்கிக்கிட்டாரு. அப்படிப்பட்ட மனுஷன் 72 வயசுல டிவில பாத்ரூம் போக பர்மிஷன் கேட்டு சிரிக்க வச்சாரு. எனக்கு இத படிச்சப்புறம் அந்த ஜோக்குக்கு சிரிப்பு வருது, ஆனா பழைய மாதிரி வரல.

மன்னிக்கணும், தண்ணி குடிச்சுக்கறேன்.

எஸ் மினிஸ்டர் உங்கள்ல பல பேருக்கு தெரியும், நம்ம நாட்டுலயே ஜீ மந்திரிஜின்னு ஹிந்தில எடுத்தாங்க, ஃபரூக் ஷேக் நடிச்சாரு. அமைச்சர் ஹேக்கர், அவர ஆட்டி வைக்கிற செயலாளர் சர் ஹம்ஃப்ரி. ஹம்ஃப்ரியா நடிச்ச நைஜல் ஹாதார்ன் மூச்சு விடாம ஒரே வாக்கியத்த ஒரு பக்கத்துக்கு பேசுவாரு, அது பிரமாதம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அத கேட்டுக்கிட்டு நிக்கிற பால் எடிங்டன் மூஞ்சிய பாருங்க, முதல்ல கவனம், அப்புறம் குழப்பம், அப்புறம் புரிஞ்ச மாதிரி நடிப்பு, கடைசில பயம். பிரிட்டிஷ் டிவி, சினிமாவுக்கு குடுக்கற பாஃப்டா விருதுக்கு நாலு தடவ ரெண்டு பேர் பேரும் போச்சு, நாலு தடவயும் ஹாதார்னுக்குதான் குடுத்தாங்க. மிருதங்கக்காரர் நெலம!

இவங்களுக்கு நடுவுல பெர்னார்டுன்னு ஒரு பி.ஏ. நான் சொன்னா ரகசிய விளக்கம், நீங்க சொன்னா லீக், அவர் சொன்னா அவர் மேல கேஸ்னு இலக்கணம் சொல்லுவாரு பாருங்க, அந்த ஆளு. நடிச்சவர் டெரெக் ஃபோல்ட்ஸ், அதுக்கு முன்னாடி சின்னப் பசங்க ப்ரோக்ராம்ல ஒரு நரி பொம்மைக்கு பக்கத்துல நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருந்தவரு. நரிக்கு பக்கவாத்தியம் வாசிச்சவருக்கு ஹம்ஃப்ரி எல்லாம் ஒரு விஷயமா.

மைண்ட் யுவர் லாங்வேஜ் பத்தி கேப்பீங்கன்னு தெரியும், 77ல ஆரம்பிச்சது, வெளிநாட்டுக்காரங்களுக்கு ராத்திரி ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிற கதை. நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன், இப்போ பாத்தா ஒவ்வொரு நாட்டுக்காரனையும் ஒரே ஒரு கோமாளித்தனமா சுருக்கிட்டாங்கன்னு நெளியுது. ஆனா அதுல "ஆயிரம் மன்னிப்பு"ன்னு கைகூப்புற பஞ்சாபி சர்தாரா நடிச்ச ஆல்பர்ட் மோசஸ், இலங்கைல கம்பளைல பொறந்தவருங்க. கம்பளைக்காரர் லண்டன்ல சர்தாரா நின்னு பொழச்சாரு, அத நெனச்சா கோவம் பாதி கொறஞ்சுடுது. வாத்தியாரா வந்த அழகன் பேரி எவன்ஸ் கடைசி காலத்துல வாய்ப்பே இல்லாம டாக்சி ஓட்டுனாரு, 1997ல போய் சேந்தாரு.

ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்ல தாத்தாவா நடிச்ச லெனார்ட் பியர்ஸ் 1984ல எறந்துட்டாரு. அதே மாதிரி இன்னொரு ஆள தேடாம, சீரியல்லயே தாத்தாவுக்கு இறுதிச் சடங்கு வச்சாங்க, காமெடி சீரியல்ல! அப்புறம் மாமா ஆல்பர்ட்டுன்னு வெள்ளத் தாடியோட ஒருத்தர் வந்தாரு, பஸ்டர் மெரிஃபீல்ட். அவர் யாருன்னு கேளுங்க. பேங்க் மானேஜர்! ரிட்டயர் ஆன பிறகு நடிக்க வந்தவரு. என் வீட்ல இத சொன்னப்போ "நீங்க தாடி வளக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

லெ மெசூரியர் 1983ல எறந்தப்போ டைம்ஸ் பேப்பர்ல வந்த மரண அறிவிப்ப அவரே முன்கூட்டி எழுதி வச்சிருந்தாரு. நம்ம பாஷைல சொன்னா, ஜான் லெ மெசூரியர் நவம்பர் 15ந்தேதி மண்டையப் போட்டுட்டார்னு தெரிவித்துக்கொள்கிறார், குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிஞ்சது அவருக்கு வருத்தம்னு இருந்துச்சு. கேக்கும்போதே வில்சன் கொரல் வருதா இல்லையா?

சரி, தம்பி அந்த லைட்ட கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. புரொஜெக்டர்ல ஒரு சீன் மட்டும் போடுறேன், 1989, அதே ஒன்லி ஃபூல்ஸ் சீரியல், கதாநாயகன் டெல் பாய் பார் கவுண்டர்ல ஸ்டைலா சாயப்போவாரு, கவுண்டர் பலகைய தூக்கி வச்சிருக்கிறது அவருக்கு தெரியாது, கட்ட சாஞ்ச மாதிரி அப்படியே விழுவாரு. விழறத எல்லாரும் ஆயிரம் தடவ பாத்திருக்கீங்க. இன்னிக்கு அவர பாக்காதீங்க, பக்கத்துல நிக்கிற ட்ரிகர், ரோஜர் லாய்ட் பேக், அவர் திரும்பி டெல்ல காணோமேன்னு தேடுற மூஞ்சிய மட்டும் பாருங்க. சவுண்ட் வருதா தம்பி?