முதல் வேலைக்கு ஊர் விட்டுப் போகும் நர்சுகளுக்கு

நேயர்களுக்கு வணக்கம். நர்சிங் முடித்துவிட்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கிளம்பத் தயாராக இருக்கும் நம் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சில விவரங்களைச் சொல்லப் போகிறேன்.

சம்பளம் எவ்வளவு என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த மருத்துவமனை அனுபவச் சான்றிதழை எப்படி எழுதித் தரும்? வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வேலை செய்த வார்டு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, இத்தனையும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். டேட்டாஃப்ளோ என்பது வளைகுடா வேலைக்காக நம் சான்றிதழ்கள் உண்மைதானா என்று பார்க்கும் நிறுவனம்; அந்தச் சரிபார்ப்பின்போது மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். அங்கே பதில் போட ஆள் இல்லையென்றால் உங்கள் கோப்பு அப்படியே நிற்கும்.

நர்சாகப் பதிவு செய்யும் கவுன்சிலில் பெயர் பதிவதற்கு முன்னால் வேலை செய்த மாதங்களும் பெரும்பாலும் கணக்கில் வராது. அதனால் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவை முடித்துவிட்டு வேலையில் சேருங்கள். நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் கவுன்சில் மாறிவிடும். மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்; ஆனாலும் திருவனந்தபுரத்தில் வேலை செய்யக் கேரள கவுன்சில் பதிவு வேண்டும். அதற்குத் தமிழ்நாடு கவுன்சிலின் சரிபார்ப்பும் தேவை. "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது பெயர். எத்தனையோ பேரின் கோப்பு தடுமாறுவது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். சரிபார்ப்பவருக்கு அப்படித் தெரியாது. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையென்றால், பத்தாம் வகுப்புச் சான்றிதழின் எழுத்துகளை மாற்றாமல், இனிஷியலை மட்டும் விரித்து எடுங்கள். பிறகு கவுன்சில், ஆதார், வங்கி, பிஎஃப் எல்லாவற்றிலும் அதே எழுத்துதான்.

இனி சம்பளம். வேலை ஆர்டரில் மாதம் ஏறக்குறைய 20,000 ரூபாய் சிடிசி, அதாவது உங்களுக்காக நிர்வாகம் செய்யும் மொத்தச் செலவு, என்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் நிர்வாகம் கட்டும் பிஎஃப், இஎஸ்ஐ பங்கும் சேர்ந்திருக்கும். மொத்தச் சம்பளம் 18,000, அடிப்படை 12,000 என்றால் உங்கள் பிஎஃப் 12 சதவீதம், 1,440 ரூபாய், இஎஸ்ஐ 0.75 சதவீதம், 135 ரூபாய். மிஞ்சுவது 16,425. ஹாஸ்டலும் மெஸ்ஸும் இதிலிருந்துதான் போகும். மெஸ்ஸில் நம்மூர் மீன்குழம்பு கிடைக்காது என்ற வருத்தம் தனி! இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பார்களா என்று மட்டும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. இத்தனை காலம் வேலை செய்வேன், இல்லையென்றால் பணம் கட்டுவேன் என்று பாண்ட் எழுதச் சொன்னால் காலம், தொகை, நோட்டீஸ் நாட்கள் மூன்றையும் வாசித்த பிறகே கையெழுத்து.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி. நடுவில் ஊர் மாறினால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் ஊசி பலித்ததா என்று காட்டும் ஆன்டி-ஹெச்பிஎஸ் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 10க்குக் குறைவாக வந்தால் உடம்பில் போதிய எதிர்ப்பு இல்லை என்று பொருள். மறுபடி ஊசி போட வேண்டியிருக்கும். பயன்படுத்திய ஊசி கையில் குத்திய பிறகு இதைத் தேடி ஓடக் கூடாது.

இரண்டு ஆண்டு முடிந்து வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு, சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தனியார் ஏஜென்ட் வந்தால் அவருடைய உரிம எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பணம் வங்கி வழியாக மட்டும்; ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம்.