பில் கட்டாத வீட்டிலும் கரண்ட் வெட்டக்கூடாது! இப்படியும் ஒரு சட்டம்

வணக்கம், திருகோணமலையில் இருந்து பேசுகிறேன். மூன்று மாத பில் நிலுவை. சிவப்பு பில்லும் வந்துவிட்டது. ஆனாலும் நவம்பர் 1 தொடக்கம் மார்ச் 31 வரை உங்கள் வீட்டுக் கரண்டை வெட்டினால், வெட்டியவர் செய்ததுதான் குற்றம். எந்த நாடு? பிரான்ஸ். எங்கள் சொந்தக்காரர் பாரிஸில் லா சப்பலில் கடை போட்டிருக்கிறார்களே, அதே பிரான்ஸ்தான்.

பின்னணியை வேகமாகச் சொல்கிறேன். 1954 குளிரில் பாரிஸ் தெருவில் ஒரு பெண் விறைத்து இறந்தார். கையில், வீட்டை விட்டு வெளியேற்றிய கடிதம். அபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் உதவி கேட்க, நாடே திரண்டது. 1956இல் குளிர்காலத்தில் யாரையும் வீட்டைவிட்டு எழுப்பக்கூடாது என்று சட்டம் வந்தது. 2013இல் கரண்ட், காஸ் இரண்டிலும் எல்லா வீடுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. கனடாவின் ஒன்ராறியோவிலும் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை வெட்ட முடியாது. கடன் தள்ளுபடி ஆகாது, பிறகு கட்டத்தான் வேண்டும்.

சரி, என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருவோம். பிரான்ஸில் ஈ.டி.எஃப். என்ற பெரிய மின்சார நிறுவனம் 2022 ஏப்ரலில் இருந்து, குளிர்காலம் முடிந்த பிறகும் பெரும்பாலும் லைனை வெட்டுவதில்லை. 1 கிலோவோல்ட் அம்பியருக்குக் குறைத்துவிடுகிறது. கிட்டத்தட்ட 1000 வாட்.

1000 வாட்டில் என்ன ஓடும்? வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படித்தேன். இரண்டு ஃபேன் 150. ஐந்து எல்.ஈ.டி. பல்ப் 45. பிரிட்ஜ் 150. டிவி 60. இரண்டு போன் சார்ஜர் 20. மொத்தம் 425 வாட்! அதோடு எங்கள் சின்ன ரைஸ் குக்கர் 500. கூட்டினால் 925, அப்பவும் லைன் விழாது. அயன் பொக்ஸைப் போட்டால்தான் விழும். பாரிஸ் வீட்டில் ஒரு 1500 வாட் ஹீட்டர்கூட வேலை செய்யாத அளவு, எங்களுக்கு ஒரு முழு இரவுக்கும் போதும். அவர்களுக்குத் தண்டனை, எங்களுக்கு நிம்மதியான வீடு. இதை யோசித்துப் பாருங்கள்!

ஆனால் குறைத்துவிட்டுப் போனால் மட்டும் போதாது. 2009 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகனில் 93 வயது முதியவர் ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே குளிரில் இறந்தார். அவருடைய மீட்டரில் இப்படி ஒரு கருவியைத்தான் பூட்டியிருந்தார்கள். அளவு கூடினால் கரண்ட் நிற்கும். வெளியே போய்த் திரும்பப் போட்டால்தான் வரும். ஆளைக் கூப்பிட்டு நேரில் சொல்லாமல் எதையும் பூட்டக்கூடாது என்பது என் கருத்து.

‘எங்களுக்கு ஏது குளிர்?’ என்று கேட்பீர்கள். நியாயம். இங்கே 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம், போதாததுக்குக் கன்னியாவில் வெந்நீரே ஊறுகிறது. அரிசோனாவும் அப்படியான சூட்டு ஊர்தான். 2018 செப்டம்பரில் அங்கே 72 வயது அம்மா ஒருவர், 51 டொலர் பாக்கிக்காகக் கரண்ட் வெட்டப்பட்டு வெக்கையில் இறந்தார். கரண்டை வெட்டிய அன்று கிட்டத்தட்ட 42 பாகை. அந்த மாநிலத்தில் இப்போது வெட்டத் தடை இருப்பது கோடையில். ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை.

அப்படியானால் எங்கள் ஆபத்து மாதம் எது? கச்சான் காற்று அடித்து ஓடு கொதிக்கிற ஆனி, ஆடியா? கடல் கொந்தளித்து, தொழில் படுத்துவிடுகிற கார்த்திகை, மார்கழியா? நான் மாரியைத்தான் சொல்வேன். போன மார்கழியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு லைனை வெட்டினார்கள். வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, காசு எங்கிருந்து வரும்? இரவில் அந்த அம்மம்மா குப்பி விளக்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைத்தால் பேத்தியின் கொப்பியில் நிழல் விழுகிறதாம். அந்த மேசைக்குத் தேவைப்பட்டது 9 வாட் பல்ப் ஒன்று.

மூதூர், கிண்ணியா, நிலாவெளி, எங்கிருந்து பார்த்தாலும் சரி, உங்கள் ஊரில் எந்த மாதம் வெட்டக்கூடாது என்று கமெண்டில் எழுதுங்கள். உங்கள் ஃபேனையும் பல்பையும் கூட்டினால் எத்தனை வாட் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு மனுவாக எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.