வாய்க்கால் மணலும் ஸ்ரோக்ஸ் விதியும்

அடுத்த கேள்வி கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி அனுப்பியது. “இரணைமடு வாய்க்கால் மணலில் ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள மணிக்கு ஸ்ரோக்ஸ் விதிப்படி முடிவு வேகம் (தண்ணீரில் விழும்போது கடைசியில் மாறாமல் நிற்கும் வேகம்) கணித்தேன். செக்கனுக்கு 90 சென்ரிமீற்றர் வருகிறது. உயரமான கண்ணாடிச் சாடியில் விட்டு அளந்தால் 15 போலத்தான். சூத்திரம் பிழையா, நான் பிழையா?”

உங்கள் கணக்கும் சரி, அளந்ததும் சரி. அந்தச் சூத்திரத்துக்குள் இந்த மணல் அடங்காது, அவ்வளவுதான்.

1851இல் பௌதிகவியலாளர் ஸ்ரோக்ஸ் என்ன செய்தார்? கோளம் மிக மெதுவாக அசைகிறது என்று வைத்து, திரவத்தின் சடத்துவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பிசுக்குமையை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பை, மட்டும் வைத்துக்கொண்டார். ஆறு பை ஈற்றா ஆர் வி (ஈற்றா பிசுக்குமை, ஆர் ஆரை, வி வேகம்) என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த இழுவை விசையில் தண்ணீரின் அடர்த்தி எங்காவது இருக்கிறதா? இல்லை. தண்ணீரை விலக்கித் தள்ளும் செலவை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அதை எடுக்காமல் விடலாமா என்று சொல்வது றெனோல்ட்ஸ் எண். அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் பிசுக்குமையால் வகுங்கள். ஒன்றுக்கு நன்றாகக் கீழே வந்தால் ஸ்ரோக்ஸ் செல்லும். உங்கள் 90ஐப் போட்டால் 900 வருகிறது! விடையே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பரீட்சைக் கணக்குகளில் ஏன் பிசுக்குமை கூடிய கிளிசரினும் சின்ன உருக்குக் குண்டும் வருகின்றன என்று இப்போது விளங்கும்.

சரி, மணலுக்கு என்ன செய்வது? சில்லர், நௌமான் என்ற ஆய்வாளர் இருவரும் தந்த திருத்தம் இருக்கிறது. றெனோல்ட்ஸ் எண்ணின் 0.687ஆம் அடுக்கை 0.15ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். இழுவை அத்தனை மடங்கு. நீங்கள் அளந்த 15க்கு எண் 150. மடங்கு ஏறத்தாழ 5.7. 90ஐ அதால் வகுத்தால் ஏறத்தாழ 16. மணல்மணி உருண்டையில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது நல்ல பொருத்தம். வேகம் தெரியாவிட்டால் ஒன்றை ஊகித்துப் போட்டு, வரும் விடையைத் திரும்பப் போட்டுப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மாரியில் குளத்துத் தண்ணீர் கலங்கி வருமே, அந்தக் களிக்கு ஸ்ரோக்ஸ் அச்சொட்டாகப் பொருந்தும். இரண்டு மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துகள் செக்கனுக்கு நாலு மைக்ரோமீற்றர் அளவில்தான் இறங்கும். அசையாத தண்ணீரிலேயே ஒரு மீற்றர் இறங்க மூன்று நாள் போல ஆகும்; குளத்தில் காற்று வேறு கலக்கிக்கொண்டே இருக்கும்.

தேத்தாங்கொட்டையை உரைத்துப் பானைத் தண்ணீரைத் தெளிய வைப்பதும் இதே விதிதான். அது துகள்களை ஒட்டிக் கட்டியாக்குகிறது. வேகம் ஆரையின் வர்க்கத்தோடு கூடும். ஆரை பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. ஆனால் கட்டிக்குள் தண்ணீரும் சிக்கியிருப்பதால் அதன் அடர்த்தி குறைவு, ஆகவே முழு நூறு கிடைக்காது.