எலுமிச்சை ஊரில் எலுமிச்சைப் பாடம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையில் கடையநல்லூரைத் தாண்டினால் புளியங்குடி வரும். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படுவது பஜாரும் நெரிசலும்தான். ஊரைவிட்டு மேற்கே நடந்தால் மலையடிவாரம் வரைக்கும் கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள். ‘லெமன் சிட்டி’ என்ற பெயர் இந்த ஊருக்கு ரொம்ப நாளாகவே உண்டு. அண்மையில் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் அந்தக் குறியீட்டை நாளைக்கு யார் காப்பாற்றுவார்கள் என்று யோசித்தால் என் மனம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேளாண் தொழிற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன் நான்.

முதலில் மார்க்கெட்டைப் பார்த்துவிடுவோம். காலையில் தோட்டத்திலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். காயைத் தரையில் கொட்டிப் பெருங்காய், நடுத்தரம், பொடி என்று பெண்கள் பிரிப்பார்கள். கை ஓடுகிற வேகத்தில் கண்ணும் ஓடும். தோலில் சொறி விழுந்த காய் ஒன்றுகூடத் தப்பாது. ஏலம் எடுக்க வருகிற வியாபாரி குவியலில் கைவிட்டு நடுவிலிருந்து ஒரு காயை எடுப்பார், மேலே கிடப்பதை எடுக்க மாட்டார். கட்டைவிரலால் ஓர் அழுத்து. தோல் மெல்லிசா, சாறு இருக்கிறதா, பனி ஈரத்தோடு பறித்த காயா என்பதெல்லாம் அந்த ஓர் அழுத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஈரம் காய்வதற்குள் பறித்தால் தோலில் உள்ள எண்ணெய்ப் பைகள் உடைந்து, ஓரிரு நாளில் பழுப்புத் திட்டு விழுந்துவிடும். செங்கோட்டை வழியாகக் கேரளா போய்ச் சேர்வதற்குள் அந்த மூட்டையின் மதிப்பு குறைந்துபோகும். இவ்வளவையும் தெரிந்து வைத்திருக்கிற அந்த அக்காமாரும் வியாபாரிகளும் இதை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நாமும் இதை எழுதி வைக்கவில்லை.

விலை விஷயத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் நாடு முழுக்க எலுமிச்சை கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே காய் மழைக்காலத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போவதும் உண்டு. வியாபாரிதான் ஏமாற்றுகிறார் என்று பேசுவது எளிது. என்னைக் கேட்டால் பாதிக் காரணம் மரத்திலேயே இருக்கிறது. பூத்ததிலிருந்து காய் பறிக்க ஐந்தாறு மாதம் ஆகும். சித்திரை வெயிலில் காய் வேண்டுமென்றால் ஐப்பசியை ஒட்டிப் பூ வர வேண்டும். பூ வர வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மரம் கொஞ்சம் வாட வேண்டும். நமக்கோ அந்த நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். மரம் வாடாது, துளிர்தான் விடும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே பருவத்தில் காய் குவிவதும், கோடையில் ஆளுக்கு நாலு காய் கிடைப்பதும் இதனால்தான்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி, செப்டம்பரில் துளிர் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிற சைக்கோசெல், அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் உப்பு என்று முறை வைத்துத் தெளித்தால் கோடைக் காய்ப்பைக் கூட்டலாம். ஜிப்ரலிக் அமிலத்துக்கு 50 பி.பி.எம். அளவு, அதாவது பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் 50 பங்கு மருந்து. பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை கிராம்? ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றால் பத்து லிட்டருக்கு 500 மில்லிகிராம், அதாவது அரை கிராம். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. இந்தக் கணக்குத் தடுமாறுவதால் குத்துமதிப்பாக ஊற்றி, மருந்தையும் பணத்தையும் வீணாக்குகிற தோட்டக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து தசமக் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் பல்கருநிலை என்று ஒரு பகுதி வரும். ஒரே விதையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் உண்டாவது. 1719இல் லீவன்ஹாக் என்ற விஞ்ஞானி இதை ஆரஞ்சு விதையில் கண்டார் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு மதிப்பெண் கேள்வி அது. எலுமிச்சை விதையிலும் அதேதான் நடக்கிறது. ஒரு விதை போட்ட இடத்தில் இரண்டு மூன்று முளை கிளம்புவதை இந்த ஊர் நாற்றங்காலில் யாரும் பார்க்கலாம். அதில் தாய்த் திசுவிலிருந்து வந்த கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டுவரும். நல்ல மரத்து விதையைத் தேடிப்பிடித்து நாற்றுப் போடுகிற பழக்கத்துக்குப் பின்னால் உள்ள அறிவியல் இதுதான். இதைக் காட்டப் பிள்ளைகளைத் தூரமாகக் கூட்டிப்போக வேண்டாம், ஒரு தொட்டி மண் போதும். சொறிநோயும் அப்படித்தான். இலைத்துளைப்பான் புழு அரித்த காயம் வழியாகப் பாக்டீரியா உள்ளே போகிறது, மழைச் சாரல் அதை அடுத்த இலைக்குக் கொண்டுபோகிறது. நோயுற்ற ஓர் இலையைக் கையில் கொடுத்தால் மூன்று பக்கப் பாடம் அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தபோதே தொழிற்கல்வியும் வந்தது. வேளாண்மை எடுத்துப் படித்த என் மாணவர்களில் சிலர் இன்று உரக்கடை வைத்திருக்கிறார்கள், சிலர் நாற்றுப் பண்ணை நடத்துகிறார்கள், ஒருவர் ஊறுகாய் போட்டு அனுப்புகிறார். மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கான குரூப் என்று அதற்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வராமல், பிரிவையே மூடிவிட்ட பள்ளிகளும் உண்டு. எலுமிச்சையை நம்பி இத்தனை கடை, இத்தனை லாரி, இத்தனை குடும்பம் இருக்கிற ஊரில் அந்தப் பிரிவு மூடப்படக் கூடாது. தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்து கேட்டால் அரசாங்கம் காதுகொடுக்கும் என்று நம்புகிறேன். வன்னிக்கோனேந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பிள்ளைகளை வருஷம் ஒரு தடவையாவது அங்கே கூட்டிப்போகலாம்.

சரி, அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலை சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு நோட்டுப் போடட்டும். மார்க்கெட் விலை, வந்த மூட்டை, பெய்த மழை என்று மூன்று கட்டம். மழையளக்க, பக்கம் நேராக இருக்கிற ஒரு டப்பாவும் ஸ்கேலும் போதும். இரண்டு வருஷம் விடாமல் எழுதினால், எந்த வாரம் விலை ஏறும், எந்த மழைக்கப்புறம் இறங்கும் என்று நம் ஊர்க் கணக்கு நம் கையில் இருக்கும். தோட்டக்காரர் எப்போது தண்ணீரை நிறுத்தலாம் என்று பார்க்க அது உதவும். புதிதாகச் சாறு பிழியவோ ஊறுகாய் போடவோ தொழில் தொடங்க நினைக்கிற பையன் எந்த மாதம் காய் வாங்கி வைக்கலாம் என்றும் பார்க்கலாம்.

கமிஷன் கடை அண்ணாச்சிமார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் நோட்டோடு வந்தால் துரத்தாதீர்கள். விலையைச் சொல்லுங்கள், மூட்டைக் கணக்கைக் காட்டுங்கள். முடிந்தால் காயை அழுத்திப் பார்ப்பது எப்படி என்று அவர்கள் கையிலேயே ஒரு காயைக் கொடுத்துச் சொல்லிக்கொடுங்கள்.

நன்றி. வணக்கம்.