அடி உதவுமா, அயல் உதவுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பழமொழியை வைத்துத் தொடங்குகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.’ பிள்ளை சொல்பேச்சுக் கேட்காத நேரத்தில் பக்கத்தில் நிற்கிற பெரியவர் யாராவது இதைச் சொல்லிவிட்டுப் போவார். சொன்னவருக்கு அது வாய்ப்பழக்கம். ஏற்கெனவே கோபத்தில் நிற்கிற அப்பாவுக்கு அது அனுமதிச் சீட்டு.

குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தப் பழமொழியை யாரோ தலைகீழாகச் சொல்லி வைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. பிள்ளை அடிபட்ட வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது என்ன தெரியுமா? அந்த வீட்டுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. இருந்தாலும் வருவதில்லை. அக்கம்பக்கத்தில் பேச்சு இல்லை. நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப்போயிருப்பார்கள். நாலு சுவருக்குள் பெற்றோரும் பிள்ளையும் மட்டும் மாட்டிக்கொண்ட வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில்தான் ஆறுதலுக்கு ஆள் வரும் முன்னே கை ஓங்கிவிடுகிறது.

பச்சைக் குழந்தையின் அழுகையிலிருந்து ஆரம்பிக்கலாம். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 கைக்குழந்தைகளின் பெற்றோரிடம், பிள்ளை எப்போது எவ்வளவு நேரம் அழுகிறது என்று தினமும் குறித்து வைக்கச் சொன்னார். 1962-ல் அது கட்டுரையாக வந்தது. பிறந்த ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். நோய்வாய்ப்பட்ட குழந்தைகள் அல்ல, நல்ல ஆரோக்கியமான குழந்தைகள். பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தூக்கி வைத்தாயிற்று, அப்படியும் அழும். மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறைந்துவிடும். பெற்றோர் மேல் தப்பு இல்லை, பிள்ளைக்கும் பிடிவாதம் இல்லை. வளர்ச்சியின் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அதே 1962-ல் டென்வர் நகரில் ஹென்றி கெம்ப் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு முறிவோடும் தலைக்குள் இரத்தக்கசிவோடும் மருத்துவமனைக்கு வருகிற சின்னக் குழந்தைகள் பலர் தவறி விழுந்தவர்கள் அல்லர், வீட்டிலேயே அடிபட்டவர்கள் என்று மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கட்டுரை அது. அழுகையைப் பற்றி ஒன்று, அடியைப் பற்றி ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று தெரியும்: கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடுகிற கொடுமைக்குப் பெரும்பாலும் தூண்டுதலாக இருப்பது நிற்காத அழுகைதான். குலுக்குவது சில விநாடிதான். ஆனால் கழுத்துத் தசை வலுக்காத குழந்தைக்கு மூளையைச் சுற்றியுள்ள நாளங்கள் கிழியும். பார்வை போகலாம், உயிரே போகலாம்.

ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளம் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, அழுகையின் குரலும் வழக்கத்துக்கு மாறாக இல்லை, உங்களுக்கோ தலை வெடிக்கிறது என்றால், குழந்தையை ஆபத்தில்லாத இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். ஐந்து பத்து நிமிடம். முகத்தைக் கழுவுங்கள், மூச்சை ஆற விடுங்கள், யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். பத்து நிமிட அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளையைத் தனியே விட்டுப் போனவள் கெட்ட தாய் என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் அவரைத்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

“யாரையாவது கூப்பிடுங்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒருமுறை ஒரு தாய் என்னிடம் திருப்பிக் கேட்டாள், “யாரைங்க கூப்பிடறது?” போனில் இருநூறு பெயர் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடத்தக்க பெயர் ஒன்றுகூட இல்லை. இந்த உரையே அவள் கேள்விக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட ஒரு ஆள் இருந்தால் உண்மையில் வித்தியாசம் உண்டா? சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற சிறிய ஊரில், 1970-களின் கடைசியில், டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 400 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்தார். முதல் குழந்தையைச் சுமந்தவர்கள்; பலர் ஏழைகள், பலர் மிகச் சிறு வயதினர், பலருக்குத் திருமணம் ஆகவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு, கர்ப்ப காலம் தொட்டு குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை, ஒரு செவிலியர் தொடர்ந்து போய்வந்தார். யார் வீட்டுக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். செவிலியர் செய்தது மந்திரம் ஒன்றும் இல்லை. உடம்பைப் பற்றிக் கேட்டார், குழந்தை என்ன வயதில் என்ன செய்யும் என்று சொன்னார், மேலே படிக்கலாமா வேலைக்குப் போகலாமா என்று கூட உட்கார்ந்து யோசித்தார். பதினைந்து ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அந்த வீடுகளில் குழந்தை வதை, புறக்கணிப்பு பற்றிய பதிவுகள் மற்ற வீடுகளைவிட ஏறக்குறையப் பாதிதான் இருந்தன. 1997-ல் வெளிவந்த முடிவு இது.

இதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. கணவனோ துணைவனோ பெண்ணை அடித்துக்கொண்டே இருந்த வீடுகளில் இந்தப் பலன் தேய்ந்துபோய்விட்டது. தாய்க்கே பாதுகாப்பு இல்லாத வீட்டில் பிள்ளை வளர்ப்புப் பாடம் எடுத்து என்ன பயன்? “குடும்பத்தை வலுப்படுத்துவோம்” என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடிக்கிறவனோடு எப்படியாவது ஒட்டி வாழச் சொல்வது குடும்பத்தை வலுப்படுத்துவது ஆகாது.

உதவி கேட்பதில் இருக்கிற வெட்கத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து எல்லாத் தடைகளிலும் பெரியது இதுதான். “பெத்த பிள்ளையைக்கூட வளர்க்கத் தெரியலையா” என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்! 1970-ஐ ஒட்டி கலிபோர்னியாவில் ஒரு தாய், தன் மகளைத் தானே கொடுமைப்படுத்துவதை உணர்ந்து, உதவி தேடி அலைந்து, கடைசியில் ஒரு சமூகப் பணியாளரின் துணையோடு தன்னைப் போன்ற பெற்றோரைக் கூட்டி ஒரு குழு தொடங்கினாள். ‘பேரன்ட்ஸ் அனானிமஸ்’ என்று பெயர். வட்டமாக உட்கார்ந்து, “நேத்து எனக்குக் கை ஓங்கிடுச்சு” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டார்கள். அந்த யோசனை பல ஊர்களுக்குப் பரவியது. நான் நடத்துகிற பெற்றோர் கூட்டங்களில் நிபுணர் என்ற முறையில் நான் சொல்வதை எல்லோரும் மரியாதையாகக் கேட்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கிற இன்னொரு அம்மா, “எங்க வீட்லயும் அதே கதைதான்” என்று சொல்லும்போதுதான் தோள்கள் தளர்கின்றன. இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

வதை என்றாலே பிரம்பும் சூடும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் உறுதிசெய்யப்படும் வழக்குகளில் பெரும்பகுதி அடி உதை அல்ல, புறக்கணிப்பு: சாப்பாடு போடாதது, மருத்துவரிடம் காட்டாதது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விட்டுப்போனது. இவற்றில் எது மனமில்லாமை, எது பணமில்லாமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரவு வேலைக்குப் போகிற தனித் தாய், ஏழு வயதுப் பிள்ளையை நம்பி மூன்று வயதுப் பிள்ளையை விட்டுப்போகிறாள். அவளுக்குப் புத்திமதி வேண்டாம், அந்த எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பிற அமைப்புகளோடு சேர்ந்து, குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்க ஏழு வழிகளை வகுத்தது. பெற்றோருக்கான துணையும் குடும்பத்தின் பொருளாதாரத்தை உயர்த்துவதும் அந்த ஏழில் இரண்டு. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, 1989-ல் வந்தது, அதுவும் வன்முறையைத் தடு என்று சொல்கிற அதே 19-ஆம் பிரிவில், குழந்தைக்கும் அதை வளர்ப்பவர்களுக்கும் தேவையான ஆதரவுத் திட்டங்களை ஏற்படுத்து என்று அரசுகளிடம் சொல்கிறது. தண்டனை மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் எழுதியது அல்ல அது.

சட்டம் வேண்டாமா என்றால், வேண்டும். பிள்ளைகளை அடிப்பதற்கு முதன்முதலில் தடை விதித்த நாடு சுவீடன், 1979-ல். அந்தத் தடையோடு தனித் தண்டனை எதுவும் சேர்க்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, பால் அட்டைப்பெட்டிகளில் சட்டத்தைப் பற்றி அச்சிட்டார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளையும் படிக்கும், அப்பாவும் படிப்பார்.

அக்கம்பக்கத்தவர் என்ன செய்யலாம்? கடைத்தெருவில் ஒரு குழந்தை புரண்டு அழுகிறது, தாய்க்கு முகம் சிவந்துவிட்டது என்று வையுங்கள். முறைத்துப் பார்ப்பது சுலபம். “என் பையனும் இந்த வயசுல இப்படித்தான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அவள் கையில் இருக்கிற பையை வாங்கிக்கொள்வதும் அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். என்ன படிக்கிறாய் என்பதை விட்டுவிட்டு, என்ன விளையாடினாய் என்று கேளுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை என்று மிக மோசமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே ஆளானார்கள். அவர்கள் வாழ்வில் தேடியபோது, பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, அக்கறையுள்ள பெரியவர் ஒருவராவது தட்டுப்பட்டார்.

அன்பால் தீராத வீடுகளும் உண்டு. நியூயார்க்கில் 1874-ல் மேரி எல்லன் என்ற பத்து வயதுச் சிறுமியின் வழக்கு உலகத்தை உலுக்கியது. அவள் அடிபடுவது குடியிருப்பில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். எட்டா வீலர் என்ற சேவைப் பெண்ணிடம் ஒருவர் சொல்லி, வீலர் பல கதவுகளைத் தட்டி, கடைசியில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவர் ஹென்றி பெர்க் தலையிட்டபின்தான் சிறுமி மீட்கப்பட்டாள். குழந்தைகளுக்கு என்று அப்போது ஒரு சங்கம்கூட இல்லை. இன்று பெரும்பாலான நாடுகளில் புகார் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் “அது அவங்க வீட்டு விஷயம், நமக்கு எதுக்கு வம்பு” என்கிற வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கிறது. காயம் கண்ணில் பட்டாலோ, பிள்ளை வீட்டுக்குப் போகப் பயந்தாலோ, ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. உரிய இடத்தில் சொல்லுங்கள், விசாரிப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பாலியல் கொடுமையில் இது இன்னும் அவசரம். தொடுகிறவன் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவன், பல நேரம் குடும்பத்துக்கு வேண்டியவன். பிள்ளை வாய் திறந்தால் நம்புங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. “சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை” என்பது போதும். குடும்ப மானம் என்ற பேச்சு அந்த அறைக்குள் வரவே கூடாது.

ராத்திரி பதினொரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்ட தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவள் குடியிருந்த வீட்டுக்கு மேல் மாடியில் ஒரு வயதான அம்மா இருந்தார். அழுகை அவருக்குத் தினமும் கேட்டிருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் இறங்கி வந்து, “பிள்ளையைக் கொஞ்ச நேரம் எங்கிட்ட குடும்மா, எனக்கு மேல பொழுதே போகல” என்றார். உதவி வேண்டுமா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இவள் வேண்டாம் என்றிருப்பாள். அரை மணி நேரம் எடுத்துப்போவார், தூங்க வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அது வழக்கமாகிவிட்டது.

அவளுடைய கணவர் யாரோடும் பேசாத மனிதர். என்னிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. ஒருநாள் இவள் வெளியே போயிருந்த நேரம், குழந்தை ஒரு மணி நேரமாக நிறுத்தாமல் அழுதிருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டி, தலையைக் குனிந்துகொண்டே அந்த அம்மாவிடம் சொன்னாராம்: “உங்களுக்குப் பொழுது போகலையோன்னு நெனச்சேன்.”

வணக்கம்.