வெறும் செக்கில் ஒரு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் பல வருடங்களாக வக்கீலாகப் போய்வருகிறேன். என் எதிரே வந்து உட்காருபவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது: "சார், கையெழுத்து என்னோடதுதான். ஆனா மேல எழுதினது நான் இல்ல." அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து லுங்கி நெய்கிற ஒருவர் வந்தார். நூல் வாங்க 30,000 ரூபாய் கடன். கொடுத்தவர் ஸ்டாம்ப் ஒட்டிய வெறும் புரோநோட்டில், அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், ஒரு கையெழுத்தும், தொகை எழுதாத செக் இரண்டும் வாங்கிக்கொண்டார். "சும்மா, ஒரு நம்பிக்கைக்குத்தான்" என்றாராம். இவர் வாராவாரம் கட்டி முடித்துவிட்டுச் செக்கைத் திருப்பிக் கேட்டால், "பீரோவில் எங்கேயோ இருக்கு, தேடித் தரேன்" என்ற பதில். ஒன்றரை வருடம் கழித்து 3 லட்சத்துக்குச் செக் பவுன்ஸ் நோட்டீஸ் வந்தது.

வெறும் செக் செல்லாது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். தயவுசெய்து அப்படி நம்பாதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியை வேறு யார் நிரப்பியிருந்தாலும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2019-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில். புரோநோட்டிலும் தேதியைக் காலியாக விடாதீர்கள். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தேதியே இல்லையென்றால் அந்தக் கெடுவைக் கடன் கொடுத்தவர் தன் இஷ்டத்துக்குத் தள்ளிவைக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

சரி, அந்த நெசவாளரைக் காப்பாற்றியது எது? அவர் மனைவியின் நோட்டு. பால் கணக்கு எழுதுகிற சாதாரண நோட்டு. அதில் ஒவ்வொரு வாரமும் தேதி, தொகை, பக்கத்தில் வசூலுக்கு வந்தவரின் சிறு கையெழுத்து. அந்த அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனாலும் பணத்தை நீட்டும்போதே நோட்டையும் நீட்டியிருக்கிறார். குறுக்கு விசாரணையில் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடன் கொடுத்தவரே சமாதானத்துக்கு இறங்கி வந்தார். அந்த நோட்டை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் மறுபடியும் சொல்கிறேன். தொகை, தேதி, பெயர் எழுதாத எதிலும் கையெழுத்து வேண்டாம். செக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நிரப்பி, போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கட்டுகிற பணத்தைப் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதச் சொல்லுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகவே கட்டுங்கள். கடைசித் தவணையையும் திரும்ப வாங்கும் புரோநோட்டையும் ஒரே நேரத்தில் கைமாற்றுங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுப்பவருக்கும், பேரணாம்பட்டில் பீடி சுற்றுபவருக்கும் இது பொருந்தும். கந்து வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், வக்கீல் நோட்டீஸ் வந்தால் தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கணக்கு. செக் நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு வக்கீலைப் பார்த்து பதில் அனுப்புங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இலவசச் சட்ட உதவி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமாதானமானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். போனில் கேட்க 15100. ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்ஜியம், பூஜ்ஜியம். வணக்கம்.