ஹெலிகாப்டர் போகும்வரை படுத்திருந்தோம்

தலைமை ஆசிரியை அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, மீனவர் சங்கத்துப் பெரியவர்களே, முகாமிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, மைக் செட் போட்ட தம்பி, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் போன வருஷம் மாதிரி பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

போரைப் பார்த்துவிட்டு வந்த வளர்ந்த பிள்ளைகள் மனசு தேறுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். தூக்கம், நட்பு, படிப்பு என்று மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். பதறாத காரியம் சிதறாது என்று என் அப்பத்தா சொல்லும். சரி, பதறிப் பதறியே வளர்ந்த பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது?

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் அகதிகளாக நம் கரைக்கு வரத் தொடங்கியவர்கள், சண்டை மூளும்போதெல்லாம் வந்தார்கள். 2006இல் மன்னார்ப் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான், வயசு பதினான்கு. தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் போய்விட, ஒரு ராத்திரி முழுக்க அம்மாவோடு அங்கேயே கிடந்தவன். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டான். நான் அப்போது விளையாட்டு வாத்தியார், உயரமாக இருக்கிறானே என்று கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினேன். உச்சிப்புளியிலிருந்து கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து வந்தது. நமக்கு அது காக்கா மாதிரி, நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அவன் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டான். பயல்கள் சிரித்தார்கள். அதட்டத்தான் வாயெடுத்தேன், என்ன தோன்றியதோ, வெள்ளைச் சட்டையோடு நானும் போய் அவன் பக்கத்தில் படுத்துவிட்டேன். எழுபத்தெட்டுக் கிலோ! அதற்கும் சிரித்தார்கள். பாம்பன் பையன் ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் வந்து படுத்தான், அப்புறம் இன்னொருத்தன், கடைசியில் ரெண்டு டீமும் மண்ணில். சத்தம் அடங்கியதும், "சேர், இது கிபிர் இல்லையோ?" என்றான். குண்டு போடுகிற விமானத்துக்கு அவர்கள் ஊரில் அந்தப் பேர். அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. மறுநாளும் ஹெலிகாப்டர் வந்தது, மறுநாளும் படுத்தோம். ஒரு மாசத்தில் அவன் குனிந்ததோடு சரி. பதறாத காரியம் என்றேனே, அந்தப் பதறாமை அவனுக்குப் புத்திமதியில் வரவில்லை, கூடப் படுத்தவர்களால் வந்தது.

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார். போர் இல்லை, வறுமையும் குடும்பச் சிக்கலும்தான். ரொம்பக் கஷ்டத்தில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே தேறினார்கள், அவர்களில் பலருக்குப் பெற்றோரோ, பாட்டியோ, வாத்தியாரோ விடாமல் கூட நின்ற பெரியவர் ஒருத்தர் இருந்தார்.

கூட நிற்க இடம் வேண்டாமா? பத்துக்குப் பத்து வீட்டில் பிள்ளை எங்கே போவான்? அதனால்தான் மூன்று வருஷமாக மைதானத்துக்கு நாலு விளக்குக் கம்பம் கேட்கிறேன். தம்பி சிரிக்கிறார், எங்கே சுற்றினாலும் கம்பத்துக்கு வந்துவிடுகிறேனாம். வந்தால் என்ன? சாயங்காலம் ஆறரைக்கு இருட்டினால் பந்து தெரிவதில்லை.

தூக்கம் வராமல் ராத்திரி அலறுகிற பிள்ளை இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நட்பும் படிப்பும் அடுத்த கூட்டத்தில். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விளக்குக் கம்ப மனு வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன், தயவுசெய்து பேனாவை விட்டுவிட்டுப் போங்கள்.